ரைம்சோன்: ராப் எழுதுகிறவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆங்கிலத்தில் பாட்டு எழுதுகிறவர்கள் ரைம் தேட முதலில் திறக்கும் தளம் ரைம்சோன். டேட்டாமியூஸ் நடத்துகிற இந்தத் தளம் 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விளம்பரம் மட்டும் உண்டு. தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் எழுதுகிற நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இதைத்தான் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொல் தேடுவதற்கு அருமையான கருவி. ஆனால் எல்லோரும் பார்க்கிற அந்த முதல் பட்டியல்தான் ராப்புக்கு மிகக் குறைவாகப் பயன்படுகிறது. அதற்கு அடுத்த கதவுக்குள்தான் சரக்கு இருக்கிறது. அங்கிருந்து எடுத்த சொல்லை பாரில், அதாவது பாட்டின் ஒரு தாளச் சுற்றில், எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால் கருவி வாய் திறக்காது. அந்த இடத்தில் நம் யாப்பு வாய் திறக்கும், அதுவும் மிகத் துல்லியமாக.

முதலில், இந்தத் தளத்துக்கு ஒலி எப்படித் தெரிகிறது?

ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து ஒலியைக் கணிக்க முடியாது. அதனால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி போன்ற தரவை நம்பித்தான் இப்படிப்பட்ட கருவிகள் ஓடுகின்றன. அந்த அகராதியில் 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள், 39 ஒலிக்குறிகள். ஒவ்வோர் உயிரொலிக்கும் பக்கத்தில் ஓர் எண் நிற்கும்: 1 என்றால் முதன்மை அழுத்தம், 2 என்றால் துணை அழுத்தம், 0 என்றால் அழுத்தம் இல்லை. ஆங்கிலத்தில் முழு ரைம் என்பதற்கு இலக்கணம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. கடைசியாக அழுத்தம் விழுகிற உயிரிலிருந்து சொல்லின் முடிவு வரை எல்லா ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் வருகிற மெய் வேறாக இருக்க வேண்டும். நைட்–ஒயிட் முழு ரைம். லீவ்–பிலீவ் அப்படியல்ல, அழுத்தம் விழும் உயிருக்கு முன் இரண்டிலும் 'ல்'தான் நிற்கிறது. காதுக்கு அது ரைமாகக் கேட்காது, ஒரே சொல்லைத் திரும்பச் சொன்ன மாதிரி கேட்கும். பட்டியல் எதைக் கொடுத்தாலும் இந்த ஒரு சோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

அந்த அகராதி வட அமெரிக்க உச்சரிப்புக்கானது. இதை மறந்தால்தான் தமிழ் வாயில் சிக்கல் தொடங்கும். ஹோட்டல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கருக்கு அழுத்தம் இரண்டாவது அசையில் (இங்கே அசை என்பது ஆங்கிலத்தின் சிலபிள், யாப்பின் நேரசை நிரையசை அல்ல), அதனால் டெல், பெல், செல் என்றுதான் கருவி அடுக்கும். நம் வாயில் அது 'ஓட்டல்'. அதற்கு இணை ஆட்டம், கூட்டம், காட்டு. ஷாம்பூவும் அப்படியே: அங்கே கடைசி அசையில் அழுத்தம், அதனால் ப்ளூ, ட்ரூ. இங்கே அது ஷாம்பு. பாம்பும் காம்பும் வேம்பும்தான் அதற்கு உறவு. மெஷின் என்பதை அங்கே நீட்டி மெஷீன் என்பார்கள், சீனோடும் க்ரீனோடும் சேரும். நீங்கள் 'மிஷினு' என்று பாடினால் அந்தப் பட்டியல் முழுவதும் வீண். ரூட் என்ற சொல்லுக்கு அந்த அகராதியில் இரண்டு உச்சரிப்பு உண்டு. ஒன்று பூட்டோடு சேரும், இன்னொன்று ஷவுட்டோடு. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும்.

ஆகவே எந்தச் சொல்லைத் தேடினாலும், தேடுவதற்கு முன் அதை நீங்கள் பாடப்போகிற விதத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் இடம் மாறியிருந்தால் அந்தச் சொல்லைத் தேடாதீர்கள். அதே ஓசை உள்ள வேறு சொல்லைத் தேடுங்கள்.

திரையில் என்ன பார்ப்பது?

சொல்லைக் கொடுத்ததும் ரைம்கள் அசை எண்ணிக்கைப்படி தொகுக்கப்பட்டு வரும்: ஓர் அசைச் சொற்கள், ஈரசைச் சொற்கள் என்று. அதிகம் புழங்கும் சொல் தடித்த எழுத்தில் இருக்கும், அரிய சொல் மங்கலாக இருக்கும். சொல்லைச் சொடுக்கினால் பொருள் கிடைக்கும்.

புதிதாக எழுதுகிறவர்கள் கண் தடித்த எழுத்துக்குத்தான் போகும். ஃபயர் என்று தேடி, டிசையரைப் பிடித்து, வரியை முடித்துவிடுவார்கள். அந்த இணையைக் கேட்கிறவர் முதல் சொல் விழுந்ததுமே இரண்டாவதை ஊகித்துவிடுவார். மங்கலான சொற்களும் உதவாது. பாட்டை நிறுத்திவிட்டுப் பொருள் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் வேலைக்கு ஆகும். இன்னொரு வடிகட்டி உண்டு, அது கருவியில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது: முதல் சொல் பெயர்ச்சொல்லாக இருந்தால் ரைம் சொல் வினையாக இருக்கட்டும். பெயரோடு பெயரை, அதிலும் 'ஷன்' என்று முடியும் பெயர்களை அடுக்கினால் பாட்டு அரசாங்க அறிக்கை மாதிரி ஒலிக்கும். எஜுகேஷன் என்று தேடிப் பாருங்கள்; திரை நிறைய வரும், ஒன்றும் தேறாது. தமிழில் இதன் சகோதரன் 'கிறேன்–கிறேன்', 'வேன்–வேன்' என்று முடியும் வரிகள். விகுதி ஒன்றுவது மொழி இலவசமாகக் கொடுப்பது, அதை ரைமாக எண்ணாதீர்கள். விகுதிக்கு முந்தைய எழுத்திலிருந்து ஒலி ஒன்றினால்தான் எழுதியவருடைய உழைப்பு காதில் விழும்: நடக்கிறேன்–கடக்கிறேன் நிற்கும், நடக்கிறேன்–பார்க்கிறேன் நிற்காது.

நியர் ரைம்: இந்தத் தளத்தின் உண்மையான பலம்

தேடல் வகையை மாற்றி நியர் ரைம், அதாவது முழுதாக ஒன்றாமல் கிட்டத்தட்ட ஒன்றுகிற ரைம், கேளுங்கள். ராப்புக்கு வேண்டியது இங்கேதான் கிடைக்கும். காரணம் எளிது. மேடையிலோ ஒலிப்பதிவிலோ பீட் மேலே ஓடும்போது காதில் தங்குவது உயிரொலி. சொல்லின் கடைசி மெய் பாதி நேரம் ட்ரம்முக்குள் கரைந்துவிடும். உயிர் ஒன்றாக இருந்து, மெய் ஒரே இனமாக இருந்தால் கேட்கிறவர் அதை ரைமாகவே வாங்கிக்கொள்வார்.

இனம் என்றால் என்ன? ப, ட, க என்று அடைத்து வெடிப்பவை ஓர் இனம். அவற்றின் குரலொலி வடிவங்கள் இன்னோர் இனம்: பேபின் 'ப்', மேடின் 'ட்', பிக்கின் 'க்'. ம், ன், ங் என்னும் மூக்கொலிகள் வேறு. ஃப், ஸ், ஷ் என்னும் உரசொலிகள் வேறு. டைம்–லைன் நன்றாகச் சேரும், இரண்டும் மூக்கொலி. டைம்–லைஃப் அவ்வளவு சேராது. உயிர் ஒன்றுதான், ஆனால் மெய் இனம் தாண்டிவிட்டது. டைம்–லைட் இன்னும் பலவீனம். கருவி இவற்றை ஒரே பட்டியலில் கலந்து தரலாம், இனம் பார்த்துப் பொறுக்குவது நம் வேலை.

தமிழ் யாப்பு படித்தவருக்கு இது புதிதில்லை. எதுகையில் இரண்டாம் எழுத்து அப்படியே ஒன்ற வேண்டும் என்பது பொது விதி. அது கிடைக்காத இடத்தில் வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம் வந்தால் இன எதுகை என்று ஏற்றுக்கொண்டார்கள். 114ஆம் குறளில் 'தக்கார்' என்று தொடங்கும் அடிக்கு அடுத்த அடி 'எச்சத்தாற்' என்று தொடங்குகிறது: க்கும் ச்சும் எழுத்தால் வேறு, இனத்தால் ஒன்று. வல்லின எதுகைக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நியர் ரைமை 'சரியாக அமையாத ரைம்' என்று கூச்சப்பட்டு ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். வள்ளுவர் பயன்படுத்திய உரிமை நமக்கும் உண்டு.

ஆரஞ்சு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ரைமே கிடையாது என்று ஒரு பழைய நம்பிக்கை. 2010இல் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நேர்காணலில் அமெரிக்க ராப் பாடகர் எமினெம் அதை மறுத்து டோர் ஹிஞ்ச், ஸ்டோரேஜ், பாரிட்ஜ், ஜார்ஜ் என்று அடுக்கிக் காட்டினார். இலக்கணப்படி இவற்றில் ஒன்றுகூட முழு ரைம் இல்லை. அழுத்தம் விழும் 'ஓர்' என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற தளர்ந்த அசையை 'இஞ்ச்', 'இஜ்' என்று வளைத்துக்கொண்டார். முக்கியமான உயிர் ஒன்றினால் மிச்சத்தை உச்சரிப்பு பார்த்துக்கொள்ளும். டோர் ஹிஞ்ச் இரண்டு சொல் என்பதையும் கவனியுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லைச் சேர்த்து ரைம் கட்டுவது ராப்பில் அன்றாட வேலை.

மல்ட்டி கட்டும் முறை

கடைசி ஓர் அசை மட்டும் ஒன்றினால் அது பள்ளிக்கூடப் பாட்டு ரைம். ராப்பில் மதிப்புள்ளது மல்ட்டி, அதாவது மூன்று, நான்கு, ஏழு அசை வரை அடுத்தடுத்து உயிர் ஒன்றி வருவது. ரைம்சோனில் இதற்கு ஒரே சொடுக்கில் விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொடரைத் துண்டு துண்டாக்கித் தேட வேண்டும்.

மிட்நைட் ட்ரெயின் என்று ஒரு வரி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அசைகள் மூன்று, உயிர்கள் இ–ஐ–ஏ. ட்ரெயினை முதலில் தேடுங்கள்: பிளேன், ரெயின், பிரெயின், பெயின். அதன் பிறகு நைட்: ஒயிட், ஃபைட், ரைட். கடைசியாக மிட், இதை நியர் ரைமில் தேடுங்கள். பிக் போன்ற சொல் கிடைத்தாலே போதும், ட்டும் க்கும் குரலொலி வெடிப்பில் ஓரினம். மூன்றையும் கோத்தால் பிக் ஒயிட் பிளேன். கடைசியிலிருந்து முன்னோக்கிப் போவதற்குக் காரணம் இருக்கிறது: கடைசி அசைதான் காதில் அதிகம் தங்கும், அங்கே முழு ரைம் வேண்டும். முன்னால் போகப் போக விட்டுக்கொடுக்கலாம்.

இதே வேலை தமிழில் கருவி இல்லாமலே நடக்கும், ஏனென்றால் நம் எழுத்திலேயே உயிர் தெரிகிறது. 'தலைக்கு மேல வேலை' என்பதன் உயிர்கள் அ–ஐ–உ–ஏ–அ–ஏ–ஐ. 'கடைக்குள் தேட சேலை' என்பதும் அதே ஏழு. மெய்யெல்லாம் மாறியிருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே தாளத்தில் சொல்லிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் உயிரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்லை நிரப்புவதுதான் வழி. குறில் நெடில் மாறினால் உடனே குலைந்துவிடும். எதுகைக்கும் முதலெழுத்து அளவொத்து நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்ததும் இதனால்தான்: பட்டுக்குக் கட்டு, சுட்டு, எட்டு வரும், பாட்டு வராது.

ஆங்கிலச் சொல் தமிழ்த் தொண்டை வழியாக வரும்போது

கலப்பு வரி எழுதுகிறவருக்கு இந்தத் தளம் உண்மையிலேயே பொன் சுரங்கம் ஆவது இந்த இடத்தில். பேச்சில் நாம் ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யைத் தனியாக விடுவதில்லை, ஓர் உகரம் சேர்க்கிறோம். அந்த உகரம் சேர்ந்தவுடன் சொல் தமிழ்க் குடும்பத்துக்குள் வந்துவிடும். விதி பெரும்பாலும் இப்படி அமைகிறது: ட் ஒலியில் முடிந்தால் இரட்டித்து 'ட்டு' ஆகும், மெல்லிய ட் (ரோடு, கோடு போல) ஒற்றையாகவே 'டு' ஆகும். ப், க் முடிவும் இரட்டிக்கும்: ஷாப்பு, லாக்கு.

நோட் என்று தேடினால் வோட், கோட், போட், ஃப்ளோட் வரும். தமிழ் வாயில் அவை நோட்டு, ஓட்டு, கோட்டு, போட்டு. இப்போது பாருங்கள், படகு என்னும் 'போட்டு'ம் இட்டு என்னும் 'போட்டு'ம் ஒரே ஒலி. ஓட்டு என்பது வாக்கும் ஆகும், வண்டியை ஓட்டுவதும் ஆகும். இரட்டைப் பொருள் வரி தானாகவே கையில் விழுகிறது. கூடவே பாட்டு, காட்டு, பூட்டு, வீட்டு என்று முழுத் தமிழ்ப் படையும் நிற்கும்.

ரோட் என்று தேடினால் லோட், மோட், கோட் வரும்: ரோடு, லோடு, மோடு, கோடு. இதற்குத் தமிழில் ஓடு, போடு, தேடு, வீடு, நாடு. இந்த இரண்டு பட்டியலையும் கலக்கக் கூடாது. நோட்டுக்கு ரோடு சேராது; ட்டுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது, டுவில் இல்லை. வேகமாகப் பாடும்போது அந்த நிறுத்தம்தான் தாளம். பதிவு செய்து கேட்கும்போது ஒரு வரி மட்டும் வழுக்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இரட்டிப்பைத்தான்.

எதைத் தேடினாலும் கருவி கொடுக்காதது: இடம்

ரைம் எது என்பது பாதிக் கேள்வி. அது பாரில் எத்தனையாவது தட்டில் விழுகிறது என்பது மறுபாதி. ஒரு வரி சுமாராகவும் இன்னொன்று பிரமாதமாகவும் ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இடம்தான் காரணம், ஆனால் ரைம்சோனில் இதற்கு ஒரு பொத்தானும் இல்லை.

வழக்கமான ராப் பார் நான்கு தட்டு. 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், ஒரு பார் 2.67 வினாடி ஓடும். தட்டு ஒன்றுக்கு நான்காக, அதில் பதினாறு சிறு இடங்கள். பத்து முதல் பதினான்கு அசை வரை மூச்சு முட்டாமல் பாடலாம். பூம்பாப் என்னும் பழைய ராப் பாணி பீட்டில் ஸ்னேர், அதாவது ட்ரம்மின் கூர்மையான அடி, இரண்டாவது, நான்காவது தட்டில் விழும். தமிழின் அளவடியும் நான்கு சீர். சீர் ஒன்றுக்குத் தட்டு ஒன்று என்று வைத்துப் பாருங்கள். தொடை விகற்பங்களுக்கு, அதாவது அடியின் எந்தெந்தச் சீரில் ஒலி ஒன்றுகிறது என்ற வகைகளுக்கு, நம் இலக்கணம் வைத்திருக்கும் பெயர்கள் அப்படியே ரைம் வரைபடமாக மாறும்.

முதலிரண்டு சீரில் ஒன்றினால் இணை. ஒன்றிலும் மூன்றிலும் என்றால் பொழிப்பு. ஒன்றிலும் நான்கிலும் ஒரூஉ. முதல் மூன்றிலும் கூழை. இரண்டாம் சீர் மட்டும் விட்டுப்போனால் மேற்கதுவாய், மூன்றாம் சீர் மட்டும் விட்டுப்போனால் கீழ்க்கதுவாய். நான்கிலும் வந்தால் முற்று. நான்கு தட்டில் முதல் தட்டோடு ரைம் சேர முடிகிற எல்லா வழியும் இந்த ஏழுக்குள் அடங்கிவிட்டது.

சொல் முடிவில் ஒன்றுகிற இயைபுக்கு மட்டும் எண்ணிக்கை தலைகீழ். கடைசிச் சீரை முதலாகக் கொண்டு எண்ண வேண்டும். அப்படியானால் பொழிப்பு இயைபு எங்கே விழும்? நான்காவது, இரண்டாவது சீரில். பூம்பாப்பின் இரண்டு ஸ்னேரும் விழுகிற அதே இடம். ஆங்கிலத்தில் உள்ரைம் என்று தனி வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்லிக்கொடுக்கும் அடிப்படை வடிவமும் இதுதான். 140 பிபிஎம்மில் ஓடும் ட்ராப் என்னும் புதிய பாணியில் பாதி வேக உணர்வு வைத்து ஸ்னேரை மூன்றாவது தட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அங்கே மூன்றிலும் நான்கிலும் விழுகிற இணை இயைபு நன்றாகக் கடிக்கும். ஆனால் ஒரு பார் 1.71 வினாடிதான், மல்ட்டியை இரண்டு பாருக்குப் பரப்பி எழுதுங்கள்.

ஒரு மாதிரி:

மேசையைத் தட்டு, மெதுவா ஒரு மெட்டு
கூச்சத்தை விட்டு, குரல முன்ன நட்டு

இரண்டு வரியிலும் பன்னிரண்டு அசை. இரண்டாம், நான்காம் தட்டில் தட்டு–மெட்டு, விட்டு–நட்டு: பொழிப்பு இயைபு. ஒன்றாம், மூன்றாம் தட்டில் மே–மெ, கூ–கு: பொழிப்பு மோனை. ஸ்னேர் விழும் இடத்தில் இயைபும், கிக் என்னும் கனத்த அடி விழும் இடத்தில் மோனையும் நிற்பதால் நான்கு தட்டும் கட்டுண்டு கிடக்கின்றன. இதே வடிவத்தை நான்கு பாருக்கு மேல் இழுக்கக் கூடாது. ஐந்தாவது பாரில் கேட்கிறவருக்கு அடுத்த ரைம் எங்கே விழும் என்று தெரிந்துவிடும், காது தூங்கிவிடும். அங்கே ஒரூஉவுக்கு மாறுங்கள், அல்லது ரைமை அடுத்த பாரின் முதல் தட்டுக்குத் தள்ளுங்கள். பதினாறு பார் வெர்ஸ் என்றால் நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நான்குக்கும் மேலே ஓரத்தில் விகற்பத்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு பிறகு ரைம்சோனைத் திறங்கள். இடம் முதலில், சொல் பிறகு. தலைகீழாகச் செய்கிறவர்கள் கிடைத்த சொல்லைத் திணிப்பதற்காக வரியை இழுத்து, அசை மிகுந்து, கடைசியில் வாயில் நுழையாத பாரோடு நிற்பார்கள்.

மோனைக்கும் இங்கே உதவி குறைவு

மெய்கள் மட்டும் ஒத்துவரும் சொற்களை எடுக்க ஒரு தேடல் உண்டு. சாம்பிள் என்று கொடுத்தால் சிம்பிள் கிடைக்கிற மாதிரி. கேட்க அழகாக இருக்கும், அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் நம் மோனை வேறு. அகரத்துக்கு ஆ, ஐ, ஔ, இகரத்துக்கு ஈ, எ, ஏ, உகரத்துக்கு ஊ, ஒ, ஓ, சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் என்று உறவு வகுத்திருக்கிறார்கள். எந்த ஆங்கிலக் கருவிக்கும் இது தெரியாது.

முதல் எழுத்தை வைத்துத் தேட அதே நிறுவனத்தின் ஒன்லுக் தளம் உண்டு. நட்சத்திரக் குறி போட்டு இன்ன எழுத்தில் தொடங்கும் சொல், அதற்குப் பிறகு முக்காற்புள்ளி வைத்து இன்ன பொருளோடு தொடர்புள்ளது என்று கேட்கலாம். பாடுபொருளுக்குள்ளேயே மோனை தேட நல்ல வழி. ஒரு குறை: அது எழுத்தைப் பார்க்கிறது, ஒலியைப் பார்ப்பதில்லை. 'சி' என்னும் ஆங்கில எழுத்தைக் கொடுத்தால் பூனை என்னும் 'கேட்', நகரம் என்னும் 'சிட்டி' இரண்டும் சேர்ந்து வரும். 'கே' கொடுத்தால் நைஃப் வரும், வாயில் அது 'ந' ஒலி. வாசித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கணினி தெரிந்தவருக்கு

டேட்டாமியூஸ் இதே தரவை, நம் நிரலிலிருந்து நேரே கேட்டு வாங்கும்படி, நிரலாக்க இடைமுகமாகவும் (ஏபிஐ) திறந்து வைத்திருக்கிறது. அனுமதிச் சாவி எதுவும் வாங்காமலே ஒரு நாளைக்கு 1,00,000 கேள்வி வரை அனுமதி. ஒரு கேள்விக்கு இயல்பாக 100 விடை, கேட்டால் 1,000 வரை. தளத்தைவிட இது எனக்கு அதிகம் பிடித்ததற்குக் காரணம், நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்கலாம் என்பது: இந்தச் சொல்லோடு ரைம் ஆக வேண்டும், கூடவே இந்தப் பொருளோடு தொடர்பும் இருக்க வேண்டும் என்று. விடையோடு அசை எண்ணிக்கை, உச்சரிப்பு, புழக்க அளவு மூன்றையும் கேட்டு வாங்கலாம். புழக்க அளவு வந்துவிட்டால் மிக அதிகமும் மிகக் குறைவும் கழித்து, முன்னால் சொன்ன அந்த நடுத்தரச் சொற்களை மட்டும் நிறுத்திக்கொள்வது சில வரி நிரலில் முடியும். உச்சரிப்பு கையில் இருந்தால் ட் முடிவு எது, மெல்லிய ட் முடிவு எது என்று பிரித்து 'ட்டு' பட்டியல், 'டு' பட்டியல் என்று தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வார இறுதியில் செய்துவிடக் கூடிய வேலை இது. கலப்பு ராப் எழுதுகிற எல்லோருக்கும் பயன்படும்.

தமிழ்ச் சொற்களை ரைம்சோனில் தேட முடியாது. அதற்குக் கார்க்கி ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக்கிய எமோனி இருக்கிறது, எதுகை, மோனை, இயைபு தேடுவதற்கென்றே செய்தது. இரண்டையும் அடுத்தடுத்த தாவலில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்? முழுத் தமிழில் எழுதுகிறவருக்கு ரைம்சோன் தேவையில்லை. முழு ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நியர் ரைம் பக்கத்தையே முகப்பாகக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். கலந்து எழுதுகிறவருக்குத்தான் இதில் அதிக லாபம், ஒரு நிபந்தனையோடு: பட்டியலிலிருந்து எடுத்த ஒவ்வொரு சொல்லையும் உகரம் சேர்த்து, பீட்டை ஓடவிட்டு, மேசையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்த பிறகுதான் தாளில் ஏற்ற வேண்டும். ஸ்னேர் விழும் தட்டில் சொல்லின் கனமான அசை வந்து உட்காரவில்லை என்றால், அது எவ்வளவு நல்ல ரைமாக இருந்தாலும் தயங்காமல் அடித்துவிடுங்கள்; பட்டியலில் அடுத்தது இருக்கிறது.